மரக் கடைசல் லேத் வந்து சேர்ந்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய்க் கட்டுப் போடுவதாக எழுதியிருந்தாயே, இப்போது படி ஏற முடிகிறதா? பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் என் கையில் கிரீஸ். ஆமாம், வாங்கியே விட்டேன். மரம் கடைகிற லேத். உன் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இங்கே கோவையில் கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பை மூடப் போகிறார்கள் என்று தை மாதமே காதில் விழுந்தது. உனக்கு அந்த வேலை பழக்கமில்லை. பம்பு உடலோ மோட்டார் மூடியோ, வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதித்து எடுப்பார்கள். அந்தக் குழியில்தான் இரும்பை ஊற்றுவது. அந்த மர உருவத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். தேக்கில் இழைத்துக் கடைந்து வந்ததை இப்போது கம்ப்யூட்டர் மெஷினில் அலுமினியத்திலோ ரெசினிலோ வெட்டி வாங்கிவிடுகிறார்கள். மர லேத் பத்து வருஷமாகச் சாக்குப் போர்த்திக் கிடந்ததாம்.

சாக்கை விலக்கினால் வாட்கின், லெஸ்டர் என்று தகடு. இங்கிலாந்தில் 1897-இல் தொடங்கிய கம்பெனி. மரவேலை மெஷினில் அவர்கள் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. "இங்கிலீஷ் மெஷின் சார்" என்று மேனேஜர் 90,000-இல் ஆரம்பித்தார். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. கடைசியில் 48,000. எடைக் கணக்கைவிடக் கூடுதல்தான், தெரிந்தேதான் கொடுத்தேன். மரத் துண்டு ஒரு பக்கம் கனமாக இருந்தால் லேத் முழுவதும் அதிரும். அந்த ஆட்டத்தை அடக்குவது கீழே இருக்கிற வார்ப்பிரும்பின் கனம்தான். இன்றைக்குக் கடையில் அதே காசுக்குக் கிடைப்பது தகரத்தில் மடித்த கால்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, நம்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மரத்தைச் சுழற்றுகிற தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிக் காது வைத்துக் கேட்டேன். பேரிங் போயிருந்தால் மணல் அரைபடுகிற மாதிரி கேட்கும். இது மெதுவாகச் சுற்றிச் சத்தமில்லாமல் நின்றது. அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. மரத்தின் மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக்கைத் தள்ளி வந்து, மரத்தை இரு பக்கமும் பிடிக்கிற கூர்களான இரண்டு சென்டரையும் முனைக்கு முனை நிறுத்தினேன். ஒரு மயிரிழை விலகல். அது நகர்கிற தளத்தில் ஒட்டியிருந்த பழைய பிசினைச் சுரண்டியதும் அதுவும் சரியாகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது ஸ்பிண்டிலின் இடது முனை. பெரிய வளையங்களை அந்தப் பக்கம் மாட்டிக் கடைவார்கள். அங்கே மரை தலைகீழ், லெஃப்ட் மரை. இல்லாவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் மரம் மாட்டிய பிளேட் தானே கழன்று ஆள் மேல் வரும்.

லேத் கிடைத்துவிட்டது, அதோடு வர வேண்டியதில் பாதி வரவில்லை. உளியைத் தாங்கிப் பிடிக்கிற டூல் ரெஸ்ட் மூன்று இருந்த இடத்தில் ஒன்று. மரத்தைத் திருகி மாட்டுகிற வட்டத் தகடான ஃபேஸ் பிளேட் ஒன்றுமே இல்லை, யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்பிண்டிலின் மரை மரத்தைக் கவ்விப் பிடிக்கிற சக்கு இப்போது விற்பதில் எதற்கும் பொருந்தாது. இது கோவையாக இருந்ததால் பிழைத்தேன்: தெருமுனை லேத் பட்டறையில் அளவு கொடுத்து அடாப்டர் கடைந்து வாங்கினேன், ஒரே மதியத்தில். மர லேத்தை ஓட்ட ஓர் இரும்பு லேத்தின் தயவு.

ஏற்றும்போது கிரேன்காரப் பையன் நைலான் பெல்ட்டை நேராக ஸ்பிண்டிலில் போட்டுத் தூக்கப் போனான். நான் போட்ட கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். அதைத் தடுத்தேன், வேகத்தடையைத் தடுக்க முடியவில்லை. டெம்போ குதித்ததில் டெயில் ஸ்டாக் உருண்டு கைச்சக்கரம் இரண்டாகப் போயிற்று. வார்ப்பிரும்பு வளையாது, உடையத்தான் தெரியும். பித்தளை வைத்து ஒட்டி வாங்கியிருக்கிறேன். தங்கப் பல் கட்டிய மாதிரி மின்னுகிறது.

மோட்டார் 2 ஹெச்.பி., மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். நல்ல வேளையாக மோட்டார் தகட்டில் 240/415 வோல்ட் என்று இருந்தது. 415-க்கான ஸ்டார் இணைப்பை 240-க்கான டெல்டாவாக மாற்றி, நடுவே சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்குகிற ஒரு டிரைவ் பெட்டி வைத்தோம். இப்போது ஒரு குமிழைத் திருகினால் வேகம் ஏறுகிறது, இறங்குகிறது. ரொம்பவும் இறக்கி ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும், அதனால் அளவோடுதான். அப்புறம், 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 86 கிலோமீட்டரில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து 400-இல் தொடங்கி ஏற்றுகிறேன், முகக்கவசம் இல்லாமல் நிற்பதில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன் பார். லேத்தின் அடிப்பெட்டியில், மரத்தூளுக்குள் ஓர் இரும்பு ஸ்கேல் கிடந்தது. என் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் அதில் ஓர் அடி என்று போட்டிருந்த கோடு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளி நின்றது. தப்பான ஸ்கேல் என்று ஒதுக்கி வைத்தேன். அந்த ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்த மேஸ்திரி, லேத் ஓடுகிறதா என்று பார்க்க வந்தவர், அதைக் கையில் எடுத்து வெகுநேரம் சிரித்தார். அது சுருக்க ஸ்கேல். உருக்கிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்யணும். எஃகு வார்ப்புக்கு அடிக்கு இரண்டு நூல், அதற்கு வேறு ஸ்கேல். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல், ஸ்கேலையே பெரிதாக அடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வித்தையும் காட்டினார். இரண்டு தேக்குத் துண்டுகளை நடுவே செய்தித்தாள் வைத்து வஜ்ஜிரத்தால் ஒட்டி, மறுநாள் வந்து உருண்டையாகக் கடைந்தார். பிறகு இணைப்பில் உளியை வைத்து ஒரே தட்டு. காகிதம் கிழிந்து இரண்டு சரிபாதியாகப் பிரிந்தது. மணலில் மேல் பாதி, கீழ்ப் பாதி பதிக்க அப்படித்தான் செய்வார்களாம். ஒரு பாதியில் சினிமா விளம்பரம் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேய்க்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் வந்தபோது, மரச் செப்புச் சாமான் கடைகிற வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், நீ தேடி வந்து திட்டினாயே. சுற்றுகிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் அந்த உராய்வுச் சூட்டிலேயே உருகி ஒட்டுவதை அங்கேதான் பார்த்தேன். அவர்களிடம் மஞ்சக்கடம்பு துண்டு நாலைந்து கிடைக்குமா என்று கேட்டுச் சொல். பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே நிழலில் காயவைத்துக்கொள்வேன்.

உன் பேரன் சித்திரையில் வருகிறான் என்றாய். நடைவண்டிக்கு மூன்று சக்கரமும் நான் கடைந்து அனுப்புகிறேன். அச்சு எவ்வளவு தடிமன், சக்கரம் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. நூல் கணக்கில் எழுதினாலும் சரி. அந்த ஸ்கேலை ஆணியில் மாட்டிவிட்டேன், அதில் அளக்க மாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
உன் மச்சான்