வளைவில் தரை தட்டாத பின் ஷாக் கொடுங்கள்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் சஸ்பென்ஷன் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

ஷோரூமில் ஏறி உட்கார்ந்தால் மெத்தென்று இருக்க வேண்டும், கால் நன்றாகத் தரையில் ஊன்ற வேண்டும். இதற்காக நீங்கள் போடும் மென்மையான ஸ்பிரிங்கும், சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கிய ஷாக்கும் வளைவில் ஓட்டுபவரின் காலை வாருகின்றன.

இருக்கை தாழ்வாகவும் உடல் நீளமாகவும் இருக்கும் குரூசர் வண்டிகளில்தான் இது மிக மோசம். பின்சக்கரம் ஏறி இறங்க 80 மில்லிமீட்டர்கூட இல்லாத வண்டிகள் உண்டு. கனமான ஒருவர் ஓட்ட, பின்னால் இன்னொருவரும் உட்கார்ந்தால் அதில் பெரும்பங்கு நின்ற இடத்திலேயே போய்விடும். அப்புறம் வளைவு வருகிறது. 40 டிகிரி சாய்ந்து சீராகத் திரும்பும்போது சஸ்பென்ஷன் தாங்கும் சுமை சுமார் 1.3 மடங்காகிறது, 45 டிகிரியில் 1.4 மடங்கு. வண்டிக்கும் தரைக்கும் இடையே இடைவெளி அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து வண்டி இன்னும் அமுங்குகிறது.

மடங்கும் ஃபுட்ரெஸ்ட் முதலில் உரசினால் பரவாயில்லை. அதன் நுனியில் தொங்கும் சின்ன போல்ட் எச்சரிக்கத்தான் இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டின் கால், சைலன்சர் பிராக்கெட், ஃபிரேமின் அடிக்குழாய் என மடங்காத ஏதாவது ஊன்றினால் கதையே வேறு. அது சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிவிடும். டயரில் இன்னும் பிடிப்பு இருக்கும்போதே ஆள் விழுவார்.

கேட்டால், "ப்ரீலோடை ஏற்றிக்கொள்ளுங்கள்", அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இன்னும் அழுத்தி வையுங்கள் என்கிறார்கள். ஏற்றினால் பின்பக்கம் உயரும், சரி. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். கடைசிப் படி வரை ஏற்றிவிட்டுத் தனியாக ஓட்டினால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும், அது திரும்பி விரிவதை அடக்கும் அளவுக்கு ரீபவுண்ட் டேம்பிங்கும் வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பின்பக்கம் துள்ளும்.

அதனால்தான் பலர் வெளியே 10, 20 மில்லிமீட்டர் நீளமான ஷாக் வாங்கி மாட்டுகிறார்கள். இடைவெளி கிடைக்கிறது. கூடவே முன் ஃபோர்க் நிமிர்கிறது, டிரெயில் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைகிறது, ஹேண்டில் சட்டென்று திரும்பத் தொடங்குகிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிடச் சாய்ந்து நிற்கிறது. செயின் தளர்வையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். எதுவரை உயர்த்தினால் வண்டி நிதானம் இழக்காது என்பது சோதனை ஓட்டம் நடத்திய உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான கையேடுகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்டுபவர் ஊகத்தில் மாட்டுகிறார்.

ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு, எத்தனை கிலோ ஆளை வைத்து அதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஆள் ஏறியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும், எந்தப் பாகம் எத்தனை டிகிரியில் முதலில் தரையைத் தொடும், எவ்வளவு நீளமான ஷாக் வரை போடலாம் என்பதையெல்லாம் கையேட்டில் அச்சிடுங்கள். வண்டி வாங்கும்போதே எடைக்கேற்ப இரண்டு மூன்று ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தேர்வு செய்ய விடுங்கள். ஷாக்கைப் பிரித்து ஆயில் மாற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள். ஆயில் கெட்டுப்போன ஷாக்கில் எந்த ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

பின்னவை இரண்டுக்கும் செலவாகும், நேரமும் பிடிக்கும் என்று தெரியும். முதலில் கேட்டதற்கு ஒரு பக்கம் போதும். அடுத்த கையேடு அச்சுக்குப் போகும்முன் அதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்