ஃபில்டர் இருக்கும் இடம்: மஸ்கட்டில் இருக்கும் கூட்டுக்காரனுக்கு

கருங்கல்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாயிற்று. என் வீட்டில் அதைத்தான் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் சுகம். ஓணத்துக்கு ஏத்தன் வாழைக்குலை லோடு நிறைய ஓடியது. களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வண்டிக்கு ஓய்வே இல்லை. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டி வேலைகளை முடித்துவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன்.

ஆயில் மாற்ற நீயே ஏன் வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறாய், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு மணி நேர வேலைதானே என்று கேட்டிருந்தாய். காரணம் சொல்கிறேன். முன்பெல்லாம் நானும் வெளியேதான் விட்டேன். ஆயிலை வடிகட்டும் ஃபில்டரை மட்டும் நானே வாங்கி, அதன் அடியில் பெயின்ட் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கொடுப்பேன். கோணம் ஐடிஐ-யில் நம் வாத்தியார் பழக்கிவிட்டது, உனக்கும் நினைவிருக்கும். ஒரு தடவை வேலை முடிந்து வந்த வண்டியைக் குனிந்து பார்த்தால் பழைய தேதியே நிற்கிறது. ஆயிலை மாற்றியிருக்கிறார்கள், ஃபில்டரைத் தொடவே இல்லை. அதை மாற்றியதற்கான கூலி மட்டும் பில்லில் இருந்தது. ரொம்பக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த வாரம் நானே ரெஞ்சை எடுத்துக்கொண்டு கீழே போனபோதுதான் அந்தப் பையன் ஏன் விட்டுவிட்டான் என்று விளங்கியது.

என் பிக்கப்பில் ஃபில்டர் இன்ஜின் பிளாக்கின் வலப்பக்கம், பாதி உயரத்தில், படுத்த வாக்கில் இருக்கிறது. வாய் பிளாக்கைப் பார்க்க, அடி வெளியே சக்கரத்தைப் பார்க்க. அதற்கு நேர் கீழே சேசிஸின் கிராஸ் மெம்பர், குறுக்கே போகும் இரும்புச் சட்டம். முன்னால் சைலன்ஸர் குழாய் வளைந்து இறங்குகிறது, பின்னால் ஸ்டார்ட்டர் மோட்டார். கீழிருந்து கையை விட்டால் விரல் நுனி ஃபில்டரைத் தொடும், பிடித்துத் திருக இடம் கிடையாது. பானட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் குழாய் மறைக்கிறது. சரி, எப்படியோ லூசாக்கிவிட்டாய் என்று வை. படுத்துக் கிடப்பதால், வாயை அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் விலகிய அந்த நொடியே உள்ளே நிற்கும் ஆயில், ஏறக்குறைய அரை லிட்டர், வாய் வழியே கொட்டும். கிராஸ் மெம்பரின் பள்ளத்தில் தேங்கும், சஸ்பென்ஷன் ஆர்மில் வடியும், நம் முழங்கை வழியாகச் சட்டைக்குள்ளும் வரும். எவ்வளவு துடைத்தாலும் பிறகு வண்டி நிற்கும் இடமெல்லாம் சொட்டும். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம், மக்கா. சொட்டுவது லீக்கா, சிந்திய மிச்சமா என்று யாராலும் சொல்ல முடியாது. கேஸ்கெட் சரியாக உட்காராமல் உண்மையிலேயே ஒழுகினாலும், போன தடவை சிந்தியதுதானே என்று விட்டுவிடுவோம். இன்ஜின் போகிற விஷயம் இது.

இன்ஜினை வடிவமைக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பம்பிலிருந்து வரும் ஆயில் முதலில் ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் ஆயிலைப் பிரித்துக் கொடுக்கும் மெயின் கேலரிக்குப் போக வேண்டும். அந்த வழி குட்டையாக இருப்பது நல்லது. பிளாக்கில் ஃபில்டர் உட்காரும் இடம் வார்ப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அதே இன்ஜின் பிறகு ஜீப்பில், வேனில், பிக்கப்பில் எல்லாம் ஏறுகிறது. ஒன்றில் வசதியான இடம் இன்னொன்றில் கிராஸ் மெம்பருக்கு மேலே போய் நிற்கிறது. தொழிற்சாலையில் ஃபில்டரை மாட்டிய பிறகுதான் இன்ஜினைச் சேசிஸில் இறக்குகிறார்கள். அங்கே மாட்டுகிறவருக்குச் சுற்றிலும் வெளி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு புகையைச் சுத்தம் செய்யும் பாகங்கள் கூடிக் கூடி இன்னும் நெருக்கம். என்னுடையது அதற்கு முந்தைய பிஎஸ்4, அதிலேயே இந்தப் பாடு. இதெல்லாம் தெரிந்தும் என் மனம் ஒப்பவில்லை. இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபில்டரை மாற்று என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் எழுதுகிறவர்களே, மாற்றுகிறவன் கை நுழைய ஒரு சாண் இடம் விட்டிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கை எட்டாத இடத்தில் இருப்பதை ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள். திங்கள்சந்தையில் லோடு இறக்கும்போது மற்ற டிரைவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். ‘ரெண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர் போதும்ணே’ என்று ஏதோ சட்டம் மாதிரி சொல்கிறார்கள். வாத்தியார் ஒரு பழைய ஃபில்டரை வாளால் இரண்டாக அறுத்துக் காட்டினாரே! சுற்றிலும் இருக்கும் சின்னத் துளைகள் வழியே ஆயில் உள்ளே போய், மடிப்பு மடிப்பான காகிதத்தைத் தாண்டி, நடுத்துளை வழியே வெளியே வரும். காகிதம் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்துவிடும். இன்ஜினுக்கு ஆயில் கிடைக்கும், வடிகட்டாத ஆயில். டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியாது. பேரிங்கும் டர்போவும் சத்தமில்லாமல் தேயும். அப்புறம் ஒரு நாள் இன்ஜின் வேலை என்று பெரிய தொகை வரும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், நீ தொழிலில் இருப்பவன், குறை இருந்தால் எழுது. முற்றத்தில் அயினிப் பலகையை அடுக்கி அடித்த சரிவில் முன்சக்கரங்களை ஏற்றிவிடுகிறேன். பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவதே இல்லை. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன், ஆயில் இளகினால் போதும். நன்றாகச் சூடேறினால் சைலன்ஸர் குழாய் கையைச் சுட்டுவிடும், அது ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயில் முழுவதும் வடியும் வரை மற்ற வேலைகளைப் பார்க்கிறேன். போல்ட்டுக்குச் செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. சில ரூபாய்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வடிந்த பிறகு போல்ட்டை மாட்டி, வண்டியைச் சரிவிலிருந்து இறக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து வலது முன்சக்கரத்தைக் கழற்றிவிடுகிறேன். வண்டியை இறக்கக் கையால் தள்ளினால் போதும், அந்த நேரம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சின்னவனிடம் சாவியைக் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவேன். சக்கரம் போனால் உள்பக்கம் மண் தெறிக்காமல் தொங்கும் ரப்பர் ஷீட் தெரியும். அதன் கிளிப்புகளை எடுத்தால் ஃபில்டரின் அடி நேராகக் கண்ணுக்கு முன்னால்! கீழே படுத்து மல்லாந்து தடவ வேண்டியதில்லை, ஒரு முக்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். இந்த வழியைக் கண்ட பிறகுதான் எனக்கு இந்த வேலையில் விருப்பமே வந்தது.

சிந்துவதற்கும் வழி கண்டிருக்கிறேன். நம் வீட்டுக் கமுகில் விழும் பாளை இருக்கிறதே, அதை நீளமாக நறுக்கி, ஓடை போல மடித்து, கிராஸ் மெம்பருக்கு மேல் ஃபில்டரின் வாய்க்கு அடியில் சொருகிவிடுகிறேன். மறுமுனை வெளியே வாளிக்குள். பச்சைப் பாளை வளைத்த பக்கம் வளையும், காய்ந்தது ஒடிந்துவிடும். ஃபில்டரைக் கால் திருக்கு லூசாக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். வேகமாகக் கழற்றினால் பாளை நிறைந்து வழியும். மெதுவாக விட்டால் முக்கால்வாசி வாளிக்கே வந்து சேர்கிறது. மிச்சத்துக்கு, தடித்த பிளாஸ்டிக் கவரை ஃபில்டர் மேல் சட்டை மாதிரி போட்டு, அதோடு சேர்த்துத் திருகிக் கவருக்குள்ளேயே எடுத்துவிடுகிறேன். ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருகுவார்களே, அது வேண்டவே வேண்டாம். தகரம் கிழிந்துபோனால் பிறகு பிடிக்க எதுவும் இருக்காது.

பழைய கேஸ்கெட் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் இதை இரண்டு தடவை செய்கிறேன். அதன் மேலேயே புதியதை மாட்டினால் அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சியடித்துவிடும். புது கேஸ்கெட்டில் நல்ல ஆயில் தடவி, கையாலேயே திருகி, கேஸ்கெட் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான். படுத்த ஃபில்டர் என்பதால் முழுக்க நிரப்பி மாட்ட முடியாது. அதனால் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதில்லை. டர்போ உள்ள வண்டிக்கு அந்தச் சில நொடி முக்கியம்.

நீ எழுதியிருந்த பழைய எஃப்ஜே க்ரூஸரை நினைத்து ஏங்குகிறேன். நான்கு லிட்டர் வி6, ஃபில்டர் இன்ஜினுக்கு மேலே, வாய் கீழ்நோக்கி, சிந்துவதைப் பிடிக்க அடியில் ஒரு கிண்ணம். டொயோட்டாக்காரர்கள் அதில் மாற்றுகிறவனை நினைத்திருக்கிறார்கள். பென்ஸ் கார்கள் பலவற்றிலும் மேலே மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் மாற்றுவது என்று நீ சொன்னாய். மூடியைத் திறந்ததும் ஆயில் தானாகக் கீழே இறங்கிவிடும். லோடு வண்டிக்கு அப்படிச் செய்யக் கூடாதா? கார் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவார். தானே மாற்றிப் பிழைக்க வேண்டியவன் லோடு வண்டிக்காரன்தான்.

பழைய ஆயிலைப் பற்றியும் கேட்டிருந்தாய். தொழுவத்து மரத்தில் கரையானுக்குப் பூசும் வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். நம் மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், எல்லாம் கிணற்றுக்குப் போகும். தேய்ந்த உலோகமும் கரியும் கலந்த ஆயில் அது. 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே அபாயக் கழிவு என்றுதான் வைத்திருக்கிறார்கள். பழைய கேனில் சேர்த்து, சுத்திகரிப்புக்கு எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு கடையில் கொடுத்துவிடுகிறேன். ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வடியவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். ஃபில்டரின் அடியில் தொப்பி மாதிரி கவிழ்த்து, நீள எக்ஸ்டென்ஷன் போட்டுத் திருகும் ரெஞ்ச், 93 மில்லிமீட்டர் அளவு, வார்ப்பு அலுமினியத்தில் கிடைத்தால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கி வா. இங்கே வாங்கியது மெல்லிய தகடு, இறுகிய ஃபில்டரில் பட்டை வழுக்குகிறது. அளவை நீயும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள், என் பழைய ஃபில்டரின் படத்தைச் சின்னவன் உனக்கு அனுப்பியிருக்கிறான்.

உன் அம்மாவைப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறதாம், ஜெபமாலையை அவரே எண்ணுகிறார். உன் வீட்டுப் பின்னால் நிற்கும் மட்டி வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது. நீ வருவதற்குள் ஒன்றாவது மிஞ்சும் என்று சொல்லச் சொன்னார். தேதி உறுதியானதும் எழுது, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் வண்டியோடு வருகிறேன்.

அன்புடன்
உன் கூட்டுக்காரன்