சுமதிக்கு, அந்த ரூம்ல இருந்து வந்த கையோட

சுமதி,

எப்படி இருக்க? அண்ணனுக்கு முட்டு வலி தேவலையா? நீ ரெண்டு தடவ போன் பண்ணியும் எடுக்கலன்னு கோவிச்சுக்காத, தொண்டை இன்னும் கரகரன்னுதான் இருக்கு, அதான் டைப் பண்றேன்.

கேன்சர்னு தைராய்டை எடுத்தாச்சுன்னு சொன்னேன்ல, மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்குற செல்லையும் அழிக்கணும்னு போன வாரம் ரேடியோ அயோடின்னு கதிர்வீச்சு உள்ள மருந்து குடுத்தாங்க. ஒரு சின்ன கேப்ஸ்யூல், அவ்ளோதான். ஆனா அது வந்தது ஈய டப்பாக்குள்ள, கொண்டு வந்த பையன் கையுறையோட நீட்டிட்டு தள்ளிப் போய் நின்னுக்கிட்டான். முழுங்குறது நானு! அப்புறம் மூணு நாள் தனி ரூம், சாப்பாட்ட கதவுகிட்ட வச்சிட்டு ஓடிருவாங்க, பாத்ரூம் போனா ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணணும், எச்சி ஊறணும்னு எலுமிச்ச மிட்டாய சப்பிக்கிட்டே கெடக்கணும். எங்க ஆச்சி காலத்துல மூணு நாள் ஒதுக்கி வச்ச மாதிரிதான், என்ன, ஏசி இருந்துச்சு.

சும்மா படுத்துக்கிட்டு போன நோண்டுனப்பதான் தெரிஞ்சது, நான் முழுங்குன அதே அயோடின்-131 தான் 1986 ஏப்ரல் 26 அதிகாலைல, அப்ப சோவியத் யூனியன்ல இருந்த உக்ரைன்ல, செர்னோபில் அணு மின் நிலையத்துல நாலாவது ரியாக்டர் வெடிச்சப்ப காத்துல கலந்து போனதுலயும் இருந்துச்சாம். வெடிச்ச எடத்துல நின்ன தீயணைப்பு ஆளுங்க, ஸ்டாஃபுன்னு 28 பேர் கதிர்வீச்சு நோயில அந்த வருஷமே போய்ச் சேந்தாங்க, அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு தூக்கம் கெட்டது பால் கதைல. காத்துல போனது மழையோட புல்லுல எறங்கி, புல்ல மாடு தின்னு, அந்தப் பால புள்ளைங்க குடிச்சிருக்கு. தைராய்டுக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின்னு வித்தியாசம் தெரியாதுடி, வந்தத எல்லாம் உறிஞ்சி வச்சிக்கும். பக்கத்துல இருக்குற பெலாரஸ் நாட்டுல சாப்பாட்டுலயே அயோடின் கம்மியாம், அதனால புள்ளைங்க கழுத்து காஞ்ச மண்ணு மாதிரி இழுத்துக்கிச்சு. எனக்குக் குடுத்தது பெரிய டோஸ், செல்ல கொன்னுரும். அதுங்களுக்குப் போனது கொல்லாம கெடுத்து விட்டுருச்சு.

வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த கெட்ட அயோடினுக்கு எட்டு நாள்ல பாதி வீரியம் போயிரும், மூணு மாசத்துல ஒண்ணுமே இருக்காது. அந்தப் பால சீஸாவோ பவுடராவோ பண்ணி எடுத்து வச்சிருந்தாக்கூட பின்னாடி சாப்பிட்டுருக்கலாம்! போலந்துல கேள்விப்பட்ட உடனே ஒரு கோடி புள்ளைங்களுக்கு மேல, கெட்டது உள்ள போறதுக்கு எடமில்லாம, நல்ல அயோடின் மருந்து குடுத்துட்டாங்க. ஆனா செர்னோபில் உலைக்கு பக்கத்துலயே இருந்த பிரிப்யாத் ஊர காலி பண்ணவே 36 மணி நேரம் ஆச்சு, ஸ்வீடன்ல ஒரு அணு உலைல கதிர்வீச்சு மீட்டர் கத்துன பிறகுதான் மாஸ்கோ டிவில நாலு வரி வாசிச்சாங்க, மே 1 அன்னைக்கு உக்ரைன் தலைநகர் கீவ்ல புள்ளைங்கள கூட்டிட்டு ஊர்வலம் வேற. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் டிவில வந்து பேசுனது மே 14. அதுக்குள்ள எத்தன டம்ளர் பால் உள்ள போயிருக்கும், சொல்லு. 2005 வரைக்கும் 6,000 பேருக்கு மேல, அப்ப சின்னப் புள்ளைங்களா இருந்தவங்களுக்கு தைராய்டு கேன்சர், அதுல 15 பேர்தான் எறந்தாங்கன்னு போட்டிருக்கு. 'தான்' போடுறவங்க கழுத்துல தையல் இல்ல.

அங்க இருந்து காத்துல வந்த இன்னொரு கதிர்வீச்சுப் பொருள் சீசியம், அது வேற ரகம், அதுக்கு பாதி போகவே 30 வருஷம். பிரிட்டன்ல இருக்குற வேல்ஸ்ல, சீசியம் விழுந்த புல்ல மேஞ்ச ஆட்டு மந்தைக்கு போட்ட கட்டுப்பாட்ட 2012லதான் எடுத்தாங்களாம், எங்க செர்னோபில், எங்க வேல்ஸ்.

ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த 2011ல பால டக்குனு நிறுத்திட்டாங்க, அது நல்லது. ஆனா அங்க படுத்த படுக்கையா கெடந்த வயசானவங்கள பஸ்ல ஏத்தி ஊர் ஊரா அலைய விட்டு, அந்த எடம்பெயர்வு அலைச்சல்லயும் அதுக்கப்புறமும் 2,000 பேருக்கு மேல போயிட்டாங்கன்னு படிச்சதும் எங்க மாமியார் ஞாபகம் வந்துருச்சு, அவங்கள கட்டில்ல இருந்து சேருக்கு மாத்தவே ரெண்டு ஆள் வேணும். ஓடுனா ஒரு சாவு, ஓடாட்டி ஒரு சாவு.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு என் முன்னாடியும் ஒரு மீட்டர நீட்டி, நம்பர பாத்து, சரி போலாம்னாங்க. பேரன ஒரு வாரத்துக்கு தூக்கக் கூடாதாம், அவன் வாசல்ல நின்னு "ஆச்சி, நீ லைட் மாதிரி எரிவியா"ன்னு கேக்குறான். இதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அயோடின் உப்பு, மீனு, பாலு எதுவும் கெடையாது, நாக்கு செத்துப் போச்சுடி. இப்ப சாப்பிடலாம்னுட்டாங்க. அடுத்த மாசம் வரும்போது தூத்துக்குடில இருந்து நல்ல நெத்திலி கருவாடா பாத்து ஒரு கிலோ வாங்கிட்டு வா, காசு நான் தரேன்.

உன்
கலா