தமிழில் ஒரு படிவம் தாருங்கள்

நூலகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கவுண்டரில் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். பழைய பத்திரிகைகளைப் பார்ப்பதற்கான விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் தாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

என் மகள் தரம் 10. வரலாற்று ஒப்படைக்கு அவள் தெரிவு செய்தவர் அன்டன் முத்துக்குமாரு. மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட் போய், பாரிஸ்டராகித் திரும்பிய தமிழர். 1934இல் தொண்டர் படை அதிகாரியானார். 1955 பெப்ரவரியில் இலங்கை இராணுவத்துக்கே தளபதி. அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த இருவரும் பிரித்தானியர். 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும், 1958இல் தமிழருக்கு எதிரான கலவரத்தின்போதும் தளபதி இவர்தான். "அந்த நாட்களில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் அம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடங்களின் பத்திரிகைகளைப் பார்ப்போம் என்றுதான் கூட்டிவந்தேன்.

மூன்று தரம் வந்தோம், அரை நாள் லீவு போட்டு, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில். முதல் நாள் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. இரண்டாம் நாள், அடுத்த கிழமை தமிழில் வரும் என்றார்கள். மூன்றாம் நாள், அதாவது இந்தச் செவ்வாய்க்கிழமை, சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிள்ளைக்கு முன்னாலேயே சொன்னார்கள். நான் சிங்களம் பேசுவேன், எழுத வராது. வெளியே வந்ததும் அவள், "நான் வேறு ஆளைப் பற்றி எழுதட்டுமா அம்மா?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் பிறந்தவள் நான். இன்று என் பிள்ளையோடும் அதே வரிசையில் நிற்கிறேன். பெயர்ப்பலகைகளில் எங்கள் மொழியைப் பிழையாக எழுதி வைக்கிறார்கள். பொலிஸில் விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னும் எத்தனை வருடம் பொறுக்க வேண்டும்?

சரி, அவையெல்லாம் உங்கள் கையில் இல்லை. படிவம் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தமிழிலும் அச்சிடுங்கள்.

ஒப்படை கொடுக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. சனிக்கிழமை காலை மகளோடு திரும்பவும் வருவேன். தயவுசெய்து அன்றைக்கு அவளிடம் தமிழ்ப் படிவம் ஒன்றைக் கொடுங்கள். அவளே நிரப்புவாள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்