உலக முடிவுக்கு ஆட்களைக் கூட்டிச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

ஹோட்டன் சமவெளிக்கு வான் வண்டி ஒழுங்கு செய்யும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நுவரெலியாவில் காலைச் சாப்பாடு, அதன் பிறகு சமவெளியின் விளிம்பில் செங்குத்தாக இறங்கும் உலக முடிவு (World's End) என்ற பள்ளம்: உங்களில் பலர் போடும் திட்டம் இதுதான். இதை மாற்றுங்கள். வெயில் ஏற ஏற, தெற்கே தாழ்நிலத்து ஈரக்காற்று சூடாகிச் செங்குத்துப் பாறையோடு மேலெழும்பும். உச்சியில் குளிர்ந்து புகாராகும், அதாவது மூடுபனியாகும். காலை ஒன்பது, பத்து மணி தாண்டினால் 870 மீற்றர் பள்ளம் இருந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான். காசு கட்டி வந்தவர்கள் அதையா பார்க்க வேண்டும்?

நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர்தான். ஆனால் வளைந்தேறும் ஒடுங்கிய பாதை, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசல் திறக்கும் ஆறு மணிக்கே அங்கு நிற்க வேண்டும். விடுமுறை நாளென்றால் நுழைவுச்சீட்டு வரிசையையும் கணக்கில் சேருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. அந்த விடியற்காலைகளில் புல்லில் உறைபனியும் படியும், ஆகவே குளிர்ச்சட்டை கட்டாயம்.

நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வட்டம், மூன்று நான்கு மணி நேரம். பேக்கர் அருவிப் பக்கம் முதலில் திரும்ப வேண்டாம். அருவியைப் புகாருக்குள்ளும் பார்க்கலாம், பள்ளத்தைப் பார்க்க முடியாது. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, கடைசியில் அருவி என்று வாருங்கள். அருவிக்கு இறங்கும் வழி செங்குத்து. வயதானவர்களுக்கு மூச்சு வாங்குவது இறங்கும்போதல்ல, திரும்ப ஏறும்போது. 2,100 மீற்றர் உயரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனிப் பாசிக் காடு. மரங்களில் தொங்கும் பாசி புகாரிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுநிலம் இந்த மேட்டுநிலம். படத்துக்காகப் பாசியைப் பிய்ப்பதும் கிளையில் ஏறுவதும் வேண்டாம். சேற்றைக் கண்டு ஓரமாக விலகி நடப்பதுதான் கூடிய கேடு: முதல் ஆள் விலகினால் பின்னால் வருபவர் அனைவரும் விலகுவர், பாதை அகலும், வேர் வெளியே வரும், மழை மண்ணைக் கொண்டுபோகும். நேராகச் சேற்றில் மிதிக்கத் தோதாகப் பிடிப்புள்ள சப்பாத்து போடச் சொல்லுங்கள். பாட்டா செருப்போடு வருபவரை வண்டியில் ஏற்றாமல் விடுவதே நல்லது. ஈரவேரில் முதலில் வழுக்குவது அவர்தான்.

லன்ச் சீற் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சோற்றுப் பொதி வாசல் சோதனையில் நிற்கும். பொலித்தீன் பையும் அப்படியே, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கழற்றுவார்கள். மரை மான்கள் அவற்றைத் தின்றுவிடுவதால்தான் இந்தக் கெடுபிடி. சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தால் வரிசையில் அரைமணி மிஞ்சும்.

கழிவறைத் தேவையை நடை தொடங்கும் இடத்திலுள்ள ஃபார் இன் (Far Inn) கட்டடப் பக்கமே முடித்துவிடச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு கேட்டால் உங்களிடம் பதில் இராது.

இப்படிக்கு,
அந்தப் பாதையை அறிந்தவர்கள்