புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் சேகரத் தலைவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய போதகர் ஐயரவர்களுக்கு,

ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம். தாங்கள் இந்தச் சேகரத்தின் சபைகளுக்குப் பொறுப்பேற்றபின் கூடிய முதல் சேகரக் கமிட்டியில், சபையார் இயேசுவைப் பின்பற்றி நடக்கும் சீஷத்துவத்தில் வளர என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். உபவாசக் கூட்டம், மூன்று நாள் கன்வென்ஷன், வாலிபர் முகாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குத் தோன்றியதை நாலு பேர் பேச்சுக்கிடையே சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கூட்டங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆகவே இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன், ஞானஸ்நானத்தின் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுகிறேன். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்பித்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சேலையுமாகப் பேராயர்முன் முழங்காற்படியிட்டு, முதல் திருவிருந்தில் பங்குபெற்று, ஆலய வாசலில் பேராயரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அத்தோடு அவர்களுக்கு ஒருவரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறகு கல்லூரி, அதற்குப் பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே வண்டியைக் கிளப்புகிறவர்களைப் பிறகு நாம்தான் குறை சொல்கிறோம்.

திடப்படுத்தல் வகுப்பைப் பழிப்பது என் நோக்கமல்ல. மனப்பாடம் செய்த வசனம் இக்கட்டில் துணை நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உண்மையான சோதனை வருவது இருபத்தைந்து வயதில்தான். பத்திரப்பதிவு அலுவலகத்தில் மேசைக்கு அடியில் பணம் கேட்கும்போதும், பெண் பார்க்கப் போன வீட்டில் பெரியவர்கள் நகைக்கணக்கைப் பேசும்போதும், ‘நம்ம ஆட்களுக்குள்ளே’ மட்டும் சம்பந்தம் தேடும்போதும் கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த வகுப்பில் கற்றான்? சபைத் தேர்தல் வந்தால் சகோதரன்மேல் வழக்குப் போடும் கமிட்டி உறுப்பினர்களும் திடப்படுத்தல் பெற்றவர்களே. கட்டளையிட்டவற்றைக் கைக்கொள்ளும்படி கற்றுக்கொடுங்கள் என்பதே ஆண்டவர் தந்த பொறுப்பு. நாம் ஒப்பிக்கும்படி கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் ஒரு வருஷகாலம் அந்தச் சபையோடே தங்கி உபதேசித்தார்கள்; அங்கேதான் சீஷர்களுக்கு முதலாவது கிறிஸ்தவர்கள் என்கிற பெயர் வழங்கியது. வேதாகமத்தில் வல்லவனான அப்பொல்லோவுக்குங்கூட, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் தனியே அழைத்துக்கொண்டுபோய் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தம்பதி கூடாரம் செய்து பிழைத்தவர்கள். சபையில் அவர்களுக்குப் பதவி எதுவும் இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

நம் மண்ணின் மைந்தரான அசரியா பேராயரையும் இங்கே நினைக்கிறேன். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணராயிருந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானவர் அவர். தெலுங்கு கிராமங்களில் எழுத்தறியாத, நிலமற்ற கூலி மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில், ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி செய்தார். படிப்பு வரட்டும், அனுபவம் வரட்டும், பிறகு பொறுப்பு தரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நாமோ பட்டம் பெற்ற பிள்ளையிடம்கூட காணிக்கைப் பையைத் தவிர எதையும் கொடுப்பதில்லை.

ஐயா, தாங்கள் இன்னும் சில வருஷங்களில் மாற்றலாகிப் போவீர்கள். இதைச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. சேகரத்தின் நடைமுறை அதுதான். முன்பிருந்த ஐயர்மார் தொடங்கிய வேதபாடங்கள் அவர்களுடைய சாமான் லாரியோடே போய்விட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். எனவே நூறு பேருக்குத் தாங்களே நடத்தும் வகுப்பைவிட, மூன்று பேரோடு தாங்கள் செலவிடும் ஒரு மணி நேரத்தையே பெரிதாக எண்ணுகிறேன். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறு அதிகாரங்கள். வாரம் ஒன்றாக வாசித்தால் நான்கு மாதத்துக்குள் முடியும். வாசித்ததைப்பற்றிப் பிரசங்கம் வேண்டாம். போன வாரம் கற்றதைக்கொண்டு என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவரைச் சந்திக்கப் போகும்போது அவர்களில் ஒருவனைக் கூட்டிப்போய், கட்டிலருகே அவனை ஜெபிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறி, இரண்டு வரியில் முடித்துவிடுவான், பரவாயில்லை. அடுத்த சுற்றில் அவனே இரண்டு பேரை அமர்த்தி மாற்குவைத் திறக்கட்டும். உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதைத்தான்.

பெண்களைப் பொறுத்தவரை நமக்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய பெண் ஊழியர்கள் இந்தப் பகுதியில் முன்பு இருந்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து மூத்த அம்மாமார் ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணை ஒப்படைத்தாலே போதும். சங்கக் கூட்டத்துப் பலகாரமும் பாத்திரப் பரிசும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

திடப்படுத்தல் பதிவேடு ஆலய அலுவலக அலமாரியில் இருக்கிறது. கடைசியாகத் திடப்படுத்தப்பட்ட தொகுதியின் பெயர்களை எழுதியெடுத்து, ஊரிலேயே இருப்பவர்கள் யார் என்று சபை ஊழியரிடம் கேளுங்கள். அவர்களில் இரண்டு பேரை என்னிடம் ஒப்படைத்தால், வியாழக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மாற்கு முதல் அதிகாரத்திலிருந்து தொடங்க ஆயத்தமாயிருக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
தங்கள் சபையின் மூத்த அங்கத்தினன்