தவறான விடைக்கு "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரை: விடையைத் திருத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோரிப் புகார்

அனுப்புநர்:
பி.எஸ்சி. வேதியியல் இரண்டாமாண்டு மாணவியின் தந்தை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.
(பெயரும் சந்தா விவரமும் இணைப்பில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழிப் பாட உதவிச் சேவை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் வேலூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தெருவுக்குத் தெரு டியூஷன் இருக்கிறது. பட்டப் படிப்புக்கு வேதியியல் கணக்கு சொல்லித்தர ஆள் தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே கடந்த ஜூன் மாதம், மூன்று மாதத்திற்கு 1,499 ரூபாய் கட்டித் தங்கள் செயலியில் அவளைச் சேர்த்தேன். கல்லூரிப் பாட வினாக்களுக்குத் துறை வல்லுநர்கள் இரண்டு மணி நேரத்தில் விடையளிப்பார்கள் என்றும், ஒவ்வொரு விடையையும் இன்னொரு வல்லுநர் சரிபார்ப்பார் என்றும் தங்கள் விளம்பரம் கூறியது. தாமதத்தைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. ஒரு முறை விடை வர முழுதாக ஒரு நாள் ஆனதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சரிபார்ப்பு என்று தாங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

ஆகஸ்ட் மாதம் என் மகளுக்கு அசைன்மென்ட்டில் ஒரு கணக்கு வந்தது. அமில ஊடகத்தில் ஆக்சிஜனேற்றியாகப் பயன்படும் பொட்டாசியம் டைகுரோமேட்டில் 0.25 நார்மல் (செறிவைக் குறிக்கும் அலகு) கரைசல் 500 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் எடை போட வேண்டும் என்பது வினா. அன்று மாலை அவள் அனுப்பிய வினாவுக்கு இரவு எட்டு மணி வாக்கில் பச்சை நிறத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையோடு விடை வந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படித்தாள்: "12.26 கிராம்." ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த நான் அங்கிருந்தபடியே, "ஆமாம்மா, சரிதான்" என்று சொல்லிவிட்டேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் 1998 முதல் உதவியாளராக இருக்கிறேன். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீர்ச் சோதனை என்பது பெயருக்குச் செய்யும் வேலையாக இல்லாமல் போன காலத்தில் வேலைக்கு வந்தவன் நான். கழிவுநீரின் மாசளவைக் காட்டும் சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவையைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்துவது இதே 0.25 நார்மல் டைகுரோமேட்தான். உலர்த்திய உப்பில் 12.259 கிராம் எடை போட்டு, கரைத்து, ஒரு லிட்டருக்கு நிரப்ப வேண்டும். இந்த எண் எனக்குப் புத்தகத்தில் படித்து வந்ததல்ல, தராசின் முன் நின்று நின்று கைக்கு வந்தது. அதனால்தான் காதில் விழுந்ததும் தலையாட்டிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து வினாத்தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் 500 மி.லி. என்று இருந்ததைக் கண்டேன். ஒரு லிட்டருக்கே 12.26 கிராம் என்றால் அரை லிட்டருக்கு 6.13 கிராம்தான் வர வேண்டும். தங்கள் வல்லுநர் எங்கே தவறினார் என்பது அவர் எழுதியிருந்த படிகளிலேயே தெரிந்தது. குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +6-இலிருந்து +3-க்கு இறங்குகிறது, ஆகவே மூன்று எலக்ட்ரான்கள், ஆகவே சமான எடை (ஓர் எலக்ட்ரானுக்கு ஈடான எடை) மூலக்கூறு எடையான 294.18-ஐ மூன்றால் வகுத்தால் 98.06 என்று எழுதியிருந்தார். ஒரு டைகுரோமேட் அயனியில் இரண்டு குரோமியம் அணுக்கள் இருப்பதை மறந்துவிட்டார். ஏற்கப்படுவது ஆறு எலக்ட்ரான்கள், சமான எடை 49.03.

இது மதிப்பெண்ணோடு போகிற சங்கதி அல்ல. அவர் சொன்னபடி கரைத்தால் கிடைப்பது 0.5 நார்மல் கரைசல். அதை 0.25 என்று நம்பி, அதைக் கொண்டே சோதனைக்கான பெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலின் செறிவைக் கணித்து, பிறகு கழிவுநீரைச் சோதித்தால், லிட்டருக்கு 480 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள நீர் 240 என்று காட்டும். அனுமதிக்கப்பட்ட வரம்பு 250. ஃபெரோயின் நிறங்காட்டி வழக்கம்போல நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறிக் காட்டும், அந்த நீர் பாலாற்றுக்குத் தகுதியானது என்று ஏட்டில் ஏறிவிடும். பட்டம் முடித்த பிள்ளைகளில் சிலர் எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள்.

அன்றிரவே நான் சொல்லச் சொல்ல என் மகள் செயலியில் மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்பினாள். இரண்டு குரோமியம் அணுக்கள் இருப்பதையும், ஆறு எலக்ட்ரான்கள் என்பதையும் தெளிவாக எழுதியிருந்தோம். நாற்பது நிமிடத்தில், "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, விடை சரியானது" என்று ஒரு வரி வந்தது. எந்தப் படியைப் பரிசீலித்தார்கள், யார் பரிசீலித்தார்கள் என்று அதில் எதுவும் இல்லை. முதல் விடை தவறாக வந்ததை மன்னித்துவிடலாம், கணக்குப் போடுகிறவர் எவரும் ஒரு நாள் தவறுவார். தவறு எது, எந்த இடத்தில் என்று சுட்டிக்காட்டிய பிறகும் அதே முத்திரையை மறுபடி குத்தி அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதன் பிறகு என் பேச்சு வீட்டில் எடுபடவில்லை. "அப்பா, அது உங்க கம்பெனி முறை. இது எக்ஸ்பர்ட் ரெண்டு தடவை பார்த்தது" என்று சொல்லிவிட்டு, 12.26 என்றே எழுதிக் கொடுத்துவிட்டாள். முதலில் நானே சரி என்று சொல்லி, பிறகு தவறு என்றதும் ஒரு காரணம், அதை ஒளிக்க விரும்பவில்லை. விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தக் கணக்குக்கு எதிரே சிவப்பு மையில் "இரண்டு குரோமியம்?" என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அக மதிப்பீட்டுக்கு மொத்தமே 25 மதிப்பெண் என்ற நிலையில் ஒரு மதிப்பெண்ணும் பெரிது.

பார்த்து எழுதியது மாணவியின் குற்றமல்லவா என்று தாங்கள் கேட்கலாம். அவள் விடையை மட்டும் கேட்கவில்லை, ஏன் மூன்றால் வகுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இது ஒன்றுதான் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். துணைப் பாடமான இயற்பியலிலும் இதேபோல் நடந்தது. 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று, வெப்பப் பரிமாற்றமில்லா முறையில் இரு மடங்கு பருமனுக்கு விரிந்தால் வெப்பநிலை என்ன என்ற கணக்குக்கு 20.5 டிகிரி என்று விடை வந்தது. செல்சியஸைக் கெல்வினாக மாற்றாமலேயே சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். 300 கெல்வின் என்று போட்டால் ஏறக்குறைய 227 கெல்வின், அதாவது சுழிக்குக் கீழே 46 டிகிரி செல்சியஸ் வரும். அதிலும் பச்சை முத்திரை இருந்தது.

கரிம வேதியியலில் தங்கள் வல்லுநர் ஒருவர் வினைவழிமுறைகளை அம்புக்குறி போட்டு விளக்கியது நன்றாகவே இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த விடைக்கும் டைகுரோமேட் விடைக்கும் ஒரே முத்திரை இருக்குமானால் ஒரு மாணவி எதை வைத்துப் பிரித்தறிவாள்?

செப்டம்பர் மாதம் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பு அறிவிப்பு வந்தது. உடனே செயலியில் ரத்து செய்யக் கோரினேன், "கோரிக்கை பெறப்பட்டது" என்றும் வந்தது. மறுநாள் காலை 1,499 ரூபாய் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் சிரமத்திற்கு வருந்துவதாக ஒரே வாசகம், மூன்றாவது முறை அதனுடன் 50 ரூபாய்க் கூப்பன். பிறகு என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தங்களிடம் முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை என்று தெரிகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ரத்து கோரிய பின் எடுத்த 1,499 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், கூப்பனாக வேண்டாம். மேற்கண்ட இரண்டு விடைகளும் இன்னும் தங்கள் செயலியில் தேடினால் அப்படியே கிடைக்கின்றன. அவற்றைத் திருத்தி, அந்த விடைகளைப் பார்த்த மாணவர்களுக்குத் திருத்தத்தைத் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட இது எனக்கு முக்கியம். மறுபரிசீலனையை யார் செய்தார், அவருடைய கல்வித் தகுதி என்ன என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, இப்புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது குறைதீர் அலுவலரின் கடமை. தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இரண்டு விடைகளின் திரைப்பதிவுகள், மறுபரிசீலனைப் பதில், பேராசிரியர் திருத்திய விடைத்தாளின் நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். என் மகளின் கைபேசிக்கு அழைக்க வேண்டாம், அவளுக்குத் தேர்வுகள் நெருங்குகின்றன. பதிலை எனக்கே எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தந்தை,
காட்பாடி.